எதிரியை நீ பாத்துக்கோ

தையல்காரி வீட்டில் அளவு டேப் காணாமல் போனால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று தைப்பவர்களுக்குத்தான் தெரியும். அதுவும் எடுத்தது கட்டின புருஷனாக இருந்து, எடுத்த காரியம் ஒரு பொம்மைக் குதிரை ஒரே பாய்ச்சலில் எவ்வளவு தூரம் ஓடலாம் என்று அளப்பதாகவும் இருந்துவிட்டால், கோபம் மூக்குக்கு மேல் ஏறாமல் என்ன செய்யும்? டேப் திரும்பி வரும்போது அதில் பசை ஒட்டியிருக்கும். குண்டூசி டப்பாவைத் திறந்தால் பாதி இருக்காது. கேட்டால், "ஈட்டிக்கு எடுத்தேன்மா" என்பார், ஏதோ சமையலுக்கு உப்பு எடுத்த மாதிரி.

அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் கர்ட்டன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஜன்னல் திரை, சோபா உறை, மேஜை விரிப்பு என்று வீட்டுத் துணி எதுவானாலும் அவள் கை பட்டால் மடிப்பு மடிப்பாக உட்காரும். வீட்டுக்காரர் பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் லேபில் வேலை பார்த்தார். பகலெல்லாம் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பல்லுக்குப் பல் நிறம் பார்ப்பார். வீட்டுக்கு வந்தால் அதே கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொம்மைச் சிப்பாய்களுக்குப் பெயிண்ட் அடிப்பார். கட்டைவிரல் உயரத்தில் ஈயத்திலும் பிளாஸ்டிக்கிலும் வரும் பொம்மைகள். அவற்றுக்குச் சட்டை, பொத்தான், மீசை எல்லாம் வரைந்து, மேஜையில் காடும் ஆறும் செய்து வைத்து, இரண்டு பக்கமும் படையை நிறுத்தி, பகடை உருட்டிப் போர் ஆடுவார்கள். ஆடுவார்கள் என்றால் அவரும் அவள் தம்பியும். தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஊர்க்காரர்களையெல்லாம் மேலும் கீழும் பத்திரமாக அனுப்பிவைக்கிற மனுஷன், அக்கா வீட்டுக்கு வந்தால் தரையில் தவழ்ந்துகொண்டு பீரங்கி எங்கே பார்க்கிறது என்று கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பான். புருஷனும் கூடப் பிறந்தவனும் ஒரே கிறுக்கில் விழுந்துவிட்டால் ஒரு பெண் யாரிடம் போய் முறையிடுவாள்?

இத்தனை வருஷமும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கென்று ஒரு துணிக்கடையின் பின்பக்கத்தில் வாடகைக்கு ஒரு மூலை இருந்தது. அங்கே அவளுடைய வெட்டு மேஜை இருந்தது. முழுத் திரையை மடிக்காமல் விரித்து வெட்டும் அளவுக்கு நீளமான மரமேஜை. அதனால் வீட்டுப் பின்ரூமை அந்தப் பொம்மைப் பட்டாளம் பிடித்துக்கொண்டதைப் போனால் போகட்டும் என்று விட்டுவைத்திருந்தாள். இப்போது கடைக்காரர் கடையை மூடுவதாகச் சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள் மேஜையை எடுத்தாக வேண்டும். அந்த மேஜை போக இடம் ஒன்றுதான் உண்டு. பின்ரூமில் சுவரகலத்துக்கு ஒரு ஜன்னல். அதில் வரும் வெளிச்சத்தில் சந்தன நிறத்துக்கும் வெண்ணெய் நிறத்துக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ரூம் கிடைக்காவிட்டால் அவள் தொழிலுக்கு முழுக்குப் போட வேண்டியதுதான்.

"என்னங்க, மாசக் கடைசிக்குள்ள பின்ரூம் எனக்கு வேணும்" என்றாள்.

அவர் ஒரு சிப்பாயின் காதில் பிரஷை வைத்திருந்தார். தலையைத் தூக்கவில்லை. "ரூமை நான் பாத்துக்கறேன். நீ கவலைப்படாதே."

"பாத்துக்கறேன்னா?"

"பாத்துக்கறேன்னா பாத்துக்கறேன். எல்லாத்தையும் வித்துடறேன். புதுசா ஒண்ணே ஒண்ணுதான் செய்யப்போறேன். அதுவும் சின்னது."

"எவ்வளவு சின்னது?"

அவர் சுண்டுவிரல் நகத்தில் பாதியைக் காட்டினார். "அரிசி மணி சைஸ்."

அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அரிசி மணி அளவுப் படை ஒரு பிஸ்கட் டப்பாவில் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டாள். சின்னது என்ற ஒரு சொல்லை நம்பிக் கவிழ்ந்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். அவளும் அன்றைக்கு அந்தக் கும்பலில் சேர்ந்தாள். பொம்மை சின்னதாக ஆக ஆக ஆசை பெரிதாகும் என்று அவளுக்கு யார் சொல்லப்போகிறார்கள்?

அன்று சாயங்காலமே மனுஷர் அவள் தம்பிக்கு போன் போட்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து துணி ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்தது.

"மாப்ள, கோட்டை முற்றுகை. முழுசா செய்யறோம். அன்னிக்குப் போர்ல எத்தனை பேர் நின்னாங்களோ அத்தனை பேரும் நிக்கணும். ஒரு ஆளுக்கு ஒரு ஆள். ஆமா, எல்லாரும்! எதிரியை நீ பாத்துக்கோ, மீதியை நான் பாத்துக்கறேன்."

அந்தப் பக்கமிருந்து தம்பியின் குரல் துள்ளியது. "எதிரியை என்கிட்ட விடுங்க மாமா. நான் பாத்துக்கறேன்."

"ஆனா ஒண்ணு. உன் படையை நான் பாக்கக் கூடாது, என் படையை நீ பாக்கக் கூடாது. மேஜைல இறங்கற அன்னிக்குத்தான் திறக்கணும்."

"சத்தியமா."

ஆளாளுக்கு எத்தனை "பாத்துக்கறேன்" என்று அவள் அப்போதே எண்ணியிருக்கலாம். ஆனால் அவள் நினைப்பெல்லாம் ஜன்னலில் இருந்தது.

பழையதை விற்கிற படலம் தொடங்கியது. அது ஒரு தனிக் கொடுமை. மனுஷர் போட்டோ எடுத்துப் போடுவார். வாங்க ஆள் வரும். வந்த ஆளை உட்காரவைத்து, பெண் கேட்டு வந்தவர்களை விசாரிப்பதுபோல விசாரிப்பார். வீட்டில் வெயில் படுமா? அலமாரிக்குக் கண்ணாடி உண்டா? பழைய பெயிண்டைக் கரைத்துவிட்டு வேறு நிறம் அடிப்பீர்களா? ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர் ஒருவர் குதிரைப் படையை எடுத்துக்கொள்ள ஆசையாக வந்தார். வெள்ளைக் குதிரைகளைக் கறுப்பாக்கிக்கொள்ளப்போகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். "இது விக்கறதுக்கு இல்லீங்க" என்று டப்பாவை மூடிவிட்டார் இவர்.

அவள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "விக்கறதுக்கு இல்லாததை எதுக்குங்க விளம்பரம் போட்டீங்க?"

"அந்தக் குதிரைங்க வெள்ளைம்மா. வரலாற்றுல வெள்ளை."

"வரலாறு நம்ம வீட்டுப் பின்ரூம்ல குடியிருக்க வேண்டாம்."

அடுத்த நாள் அவர் லேபுக்குப் போனதும், அவர் விட்டுவிட்டுப் போன பழைய போனை எடுத்து அவளே பதில் போட்டாள். வாங்க, எடுத்துட்டுப் போங்க, என்ன நிறம் வேணும்னாலும் அடிச்சுக்கோங்க. வேன்காரர் முதல் ஆளாக வந்து நின்றார். ஒவ்வொரு டப்பாவாக வாசலைத் தாண்டியது. திரும்பி வந்த மனுஷர் காலி அலமாரியைப் பார்த்தார். ரூமின் நடுவில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவளுக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. டீ போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, "போனா போகட்டும், புதுசுக்கு இடம் வேணும்ல" என்றார். அவள் அந்த 'இட'த்தைத் தன் மேஜைக்கான இடம் என்று எடுத்துக்கொண்டாள். நல்ல மனசுக்காரர் என்றுகூட நினைத்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஒரு கல்யாண மண்டபத்துக்கான திரைகளைக் கடை மூடுவதற்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவாள். ஒருநாள் கிளம்பும்போது வீட்டுக்காரர் வந்து, நூல் கண்டிலிருந்து ஒரு துண்டு நீலம் கேட்டார், கொடிக்கயிறாம். கத்தரித்துக் கொடுத்தாள். இரண்டு நாள் கழித்துத் தம்பி கடைக்கே வந்து நின்றான். "அக்கா, இந்த நீலத்துல ஒரு துண்டு குடேன். கொடிக்கு." அதே கண்டிலிருந்து அவனுக்கும் கத்தரித்துக் கொடுத்து, "போடா, வேலை நேரத்துல வந்துட்டான்" என்று விரட்டினாள். ஒரே நீலம் இரண்டு பேருக்கும் எதற்கு என்று யோசிக்க வேண்டிய கவலை அவளுக்கு ஏன்?

பின்ரூம் பூட்டியிருந்தது. ஒரு மாலை அவள் கைப்பிடியைத் திருகியபோது வீட்டுக்காரர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். "திறக்காதே, திறக்காதே! உள்ள பெயிண்ட் காயுது. தூசி படும்."

அவள் கையை எடுத்துவிட்டாள். பெயிண்ட் வாசனை கதவிடுக்கில் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் மனுஷர் அவளுக்காகச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறார்! இத்தனை வருஷத்தில் கல்யாண நாளைக்கூட அவள் ஞாபகப்படுத்தித்தான் அவருக்குத் தெரியும். அவள் கண் கலங்கிவிட்டது. என்ன நிறமாக இருக்கும்? வெண்ணெய் நிறம் என்றால் வெளிச்சம் இன்னும் பரவும். கடையில் பக்கத்து மெஷினில் தைக்கிறவளிடம், "எங்க வீட்டுக்காரர் எனக்கு ரூம் ரெடி பண்றார், பெயிண்ட் எல்லாம் அடிக்கறார்" என்று வாய்விட்டுச் சொன்னாள். அந்த வாரம் முழுக்க அவள் தைத்த மடிப்புகள் ஒன்றுகூடக் கோணவில்லை.

மாதத்தின் கடைசி ஞாயிறு வந்தது. மதியம் வேனில் மேஜை வருவதாக ஏற்பாடு. காலையிலேயே தம்பி இரண்டு பெட்டிகளைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்துவிட்டான். வாயெல்லாம் பல். வீட்டுக்காரர் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, சாவியை எடுத்தார். "வாம்மா, நீயும் வந்து பாரு" என்றார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகமாகப் பின்னால் போனாள்.

கதவு திறந்தது.

ரூம் இல்லை. ரூம் இருந்த இடத்தில் ஒரு ஊர் இருந்தது. சுவரிலிருந்து சுவர் வரைக்கும் ஒட்டுப்பலகையை மரக்கால்களின் மேல் நிறுத்தி, அதன்மேல் மதில், கொத்தளம், அகழி, சந்தைத் தெரு, படகுத்துறை. சுற்றி நடக்க ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்குத்தான் சந்து. பலகையை அவள் இல்லாத நேரத்தில் தம்பிதான் கொண்டுவந்து முடுக்கியிருக்கிறான். ஜன்னலின் பாதியை ஒரு மலை மறைத்துக்கொண்டிருந்தது.

அவள் பார்வை ஊரில் நிற்கவில்லை. நேராகச் சுவருக்குப் போயிற்று. அதே பழைய சுவர். அதே ஆணித் துளைகள், மூலையில் அதே ஈரக்கறை.

 இரண்டு ஆண்களும் அவளைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

"ரெடியா மாப்ள?"

"ரெடி மாமா."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூடியைத் திறந்தார்கள். உள்ளே வரிசை வரிசையாக அரிசி மணிகள் நின்றன. வீட்டுக்காரர் பெட்டியில் நீலச் சட்டைகள். தம்பி பெட்டியிலும் நீலச் சட்டைகள். இரண்டு பக்கமும் ஒரே கொடி. கொடிக்கயிறும் ஒரே நூல் கண்டு.

இரண்டு பேரும் ஒருவர் பெட்டியை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள்.

"மாமா," என்றான் தம்பி, "இது நம்ம ஆளுங்க."

"அது தெரியுது. உன் ஆளுங்க சிவப்பால்ல இருக்கணும்?"

"சிவப்பு எதிரியாச்சே."

"அதான்டா உன்னை எதிரியைப் பாத்துக்கச் சொன்னேன்!"

"அதான் நானும் பாத்துக்கறேன்! எதிரி வந்தா பாத்துக்கறதுக்குத்தானே இவ்வளவு பேரைச் செஞ்சேன்!"

வீட்டுக்காரர் பேய்முழி முழித்தார். "பாத்துக்கோன்னா, செய்யின்னு அர்த்தம்."

"பாத்துக்கோன்னா, சமாளின்னு அர்த்தம். வேலையில எங்க சூப்பர்வைசர் 'அந்த மூணாவது லிஃப்டைப் பாத்துக்கோ'ன்னா நான் புதுசா ஒரு லிஃப்டா செய்வேன்?"

கோட்டையைக் காக்க இரண்டு படை இருந்தது. தாக்க ஒரு ஆள் இல்லை. இதைவிடப் பத்திரமான ஊர் சரித்திரத்திலேயே இருந்திருக்காது. யாராவது ஒருவர் தன் படைக்குச் சிவப்புச் சட்டை மாட்டியாக வேண்டும். நீ அடி என்றார் இவர். நீங்க அடிங்க என்றான் அவன். நான் பொத்தானுக்கெல்லாம் தங்க நிறம் வச்சிருக்கேன் என்றார். நான் மட்டும் என்ன வெள்ளைப் பூட்ஸுக்குச் சும்மாவா கண்ணைக் கெடுத்துக்கிட்டேன் என்றான். அரிசி மணிக்குப் பூட்ஸ்! கடைசியில் இரண்டு பேரும் வாய் ஓய்ந்து, தீர்ப்புச் சொல்லு என்பதுபோல அவளைப் பார்த்தார்கள்.

"சுவருக்கு என்ன கலர் அடிச்சீங்க?" என்று கேட்டாள் அவள்.

"சுவரா?" என்றார் வீட்டுக்காரர்.

"உள்ள பெயிண்ட் காயுதுன்னீங்களே."

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். மெதுவாக விஷயம் பிடிபட்டது. முகம் விழுந்துபோயிற்று.

"எனக்கு ரூம் ரெடி பண்றீங்கன்னு நினைச்சேன்" என்றாள். "கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

அவள் குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். ரூம் போனதுகூட அவளுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. ஒரு வாரம் முழுக்கத் தனக்குத்தானே ஒரு சுவரை நினைத்துச் சந்தோஷப்பட்டாளே, அந்த முட்டாள்தனம்தான் வலித்தது.

"அப்படி இல்லம்மா... ரூமை நான் பாத்துக்கறேன்னுதான் சொன்னேன்..."

"ஆமா. நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க."

"ஒரே ஒரு ஆட்டம். இந்த ஆட்டம் முடிஞ்ச உடனே பலகையைக் கழட்டிடறோம். இல்லையாடா?"

"உடனே கழட்டிடலாம் அக்கா. நாலு போல்ட்தான்."

"எதிரியே இல்லாம எப்ப ஆடி, எப்ப முடிப்பீங்க?"

 இவர் பெயிண்ட் அடிக்கமாட்டார். அவனும் அடிக்கமாட்டான். இப்படியே விட்டால் அந்த ஊர் அங்கே நிரந்தரமாகக் குடியேறிவிடும், அவள் வெட்டு மேஜை தெருவில் நிற்கும். அந்த நேரம் பார்த்து வாசலில் வேன் ஹார்ன் அடித்தது.

கர்ட்டன் அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"எதிரியை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

வாசல் கதவை அகலத் திறந்து, பின்ரூம் கதவுக்கும் முட்டுக் கொடுத்து, "உள்ள கொண்டு வாங்கண்ணே, நேரா வாங்க, ஒரே வழிதான்" என்று குரல் கொடுத்தாள். மேஜை வந்தது. முன்னால் இரண்டு ஆள், பின்னால் இரண்டு ஆள். இரும்புப் பூண் போட்ட கால்கள் முன்னால் நீட்டிக்கொண்டிருக்க, நடைக்கூடத்தை அடைத்துக்கொண்டு வந்தது. எந்தக் காலத்துப் போரிலும் எந்தக் கோட்டையும் அப்படி ஒன்றைப் பார்த்திருக்காது. முன்னால் தூக்கி வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்து, "அக்கா, இங்க ஒரு ஊரு இருக்கே?" என்றார்.

"அவங்களே காலி பண்ணிடுவாங்க. ரெண்டு நிமிஷம் புடிச்சுக்கிட்டு நில்லுங்க."

பாரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவர்கள் மூச்சு வாங்கினார்கள். வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார். அவள் முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை.

"மாப்ள," என்றார், "ஸ்பேனர் எடு."

"மாமா?"

"கோட்டை போச்சு. ஸ்பேனரை எடுடா."

இரண்டு நீலப் படைகளும் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு சண்டை இல்லாமல் ஊர் விழுந்தது. நாலு போல்ட்டும் கழன்றன. படகுத்துறை இருந்த பாதி தம்பி வீட்டுக்கு அதே வேனில் போயிற்று. சந்தைத் தெரு இருந்த பாதி கட்டிலுக்கு அடியில் போயிற்று. மலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பீரோவின் தலையில் வைத்தார்கள். மேஜை ஜன்னலோரம் உட்கார்ந்தது. வெளிச்சம் அதன் மேல் முழுசாக விழுந்தது.

மறுநாள் அவள் முதல் துணியை விரித்தபோது, இழையில் ஏதோ மாட்டிக்கொண்டிருந்தது. குண்டூசி நுனியால் நெம்பி எடுத்தாள். நீலச் சட்டை, மற்றவர்களுக்கு இல்லாத சிவப்புத் தோள்பட்டை, கடுகளவு தலையில் வெள்ளை மீசை. வீட்டுக்காரரின் தளபதி. பூதக்கண்ணாடி இல்லாமலே மீசை தெரிந்தது என்றால் மனுஷர் அதற்கு எத்தனை நாள் உட்கார்ந்திருக்க வேண்டும்! அவள் கொஞ்ச நேரம் அவனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு பொத்தான் டப்பாவில் போட்டு மூடினாள்.

மாலையில் அவர் கட்டிலடியில், பீரோவுக்குப் பின்னால், துடைப்பக் குப்பையில் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்.

"என்ன தேடறீங்க?"

"தளபதியைக் காணோம்மா."

"அவன் எதிரிகிட்ட மாட்டிக்கிட்டான். கைதியா இருக்கான்."

அவர் தரையிலிருந்தபடியே நிமிர்ந்து பார்த்தார். "எதிரிக்கு என்ன வேணுமாம்?"

அவள் தலையால் சுவரைக் காட்டினாள்.

அடுத்த ஞாயிறு ஆணித் துளைகள் அடைபட்டன. ஈரக்கறை சுரண்டப்பட்டது. தம்பியும் வந்து ஏணி பிடித்தான். அவன் இப்போதெல்லாம் போன் செய்தால், "மாமா, எதிரி வீட்ல இருக்காங்களா?" என்றுதான் கேட்கிறானாம். வெண்ணெய் நிறம். அவளே நிறச் சீட்டை ஜன்னலில் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. மயிரிழைப் பிரஷில் மீசை வரைந்து பழகின கை, சுவருக்கும் அப்படியே நுணுக்கி நுணுக்கி அடித்ததில் பொழுது சாய்ந்துவிட்டது. ஒருவழியாக ஏணியைவிட்டு இறங்கி, வாசலை மறித்துக்கொண்டு நின்று, "திறக்காதே, உள்ள பெயிண்ட் காயுது" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அசடு வழிந்தது.

அவள் அவரை விலக்கிவிட்டு உள்ளே போனாள். நாலு சுவரையும் பொறுமையாகப் பார்த்தாள். மனசு நிறைந்துதான் போயிற்று. ஆனால் அதை அவரிடம் சொல்வதாக இல்லை. இத்தனை வருஷத்துக் கணக்கு ஒரு கோட் பெயிண்டில் தீராது.

அவர் பின்னாலேயே வந்து மென்று விழுங்கினார். "அப்போ... அந்தக் கைதியை..."

அவள் மேஜையில் துணியை விரித்து, அளவு டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாத்துக்கறேன்" என்றாள்.